வெறியில்லாத நிறவெறி

'ரேசிசம்' என்பதற்கு 'நிறவெறி' என்று எழுதிப் பழகிவிட்டோம். நானும் அப்படித்தான் எழுதிவருகிறேன். அந்தச் சொல்லின் பின்பாதியில் இருக்கிற 'வெறி' கொஞ்சகாலமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. வேலன் வெறியாடுகிற சங்கப் பாட்டு தொடங்கி இன்றைய குடிவெறி, வெறிநாய் வரைக்கும், தமிழில் வெறி என்பது ஏறுவது. ஏறினால் தன்னிலை மறக்கவைப்பது. பிறகு இறங்குவது, தெளிவது. அதாவது அது ஒரு மனநிலை. மனநிலை என்றால் அதற்கு ஓர் ஆள் வேண்டும், முகம் வேண்டும். அமெரிக்க நிறவெறி என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவையும் இப்படியான முகங்களே: வெள்ளை முக்காடு போட்ட கூ க்ளக்ஸ் க்ளான் கூட்டம், மரத்தில் தொங்கும் உடல், அலபாமாவில் பள்ளிச் சிறுவர்கள்மேல் ஏவிவிடப்பட்ட போலீஸ் நாய். எல்லாம் நடந்தவைதான். ஆனால் 1930களில் ஓர் அரசாங்க அலுவலகத்தில், நகரத்தின் வரைபடத்தை மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டு சில தெருக்களுக்குச் சிவப்பு தீட்டினானே ஒரு குமாஸ்தா, அவனுக்கு எந்த வெறியும் ஏறியிருக்க வேண்டியதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குழந்தைகளோடு சாப்பிட்டிருப்பான். அந்தச் சிவப்பு செய்த காரியத்தைத் தூக்குக்கயிற்றால் செய்து முடித்திருக்க முடியாது என்பது என் துணிபு.

கறுப்பு அமெரிக்கா நமக்குப் பெரும்பாலும் கவிதை வழியாகத்தான் வந்தது. தலித் இலக்கியம் பற்றிய விவாதங்கள் சூடுபிடித்த 90களில் சிறுபத்திரிகைகள் கறுப்பிலக்கியத்தைத் தேடித்தேடி மொழிபெயர்த்தன. அதற்கு முன்பே, 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரை அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெயர் மதுரைக்கும் வந்துசேர்ந்த கதை நமக்குத் தெரியும். இன்னும் முன்னால் போனால் 1946: கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுக்கிற மனுவின் பிரதி வேண்டுமென்று அம்பேத்கர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதுகிறார், டுபாய்ஸ் பதில் போடுகிறார். ஆக உறவு பழையது. அவர்களுடைய குரலை எடுத்துக்கொண்டோம், கோபத்தை எடுத்துக்கொண்டோம். அவர்களுடைய கிரையப் பத்திரங்களை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டோம். இலக்கியக்காரர்களுக்குப் பத்திரம் படிப்பது அலுப்பான வேலைதான். இருந்தாலும் கொஞ்சம் படித்துப் பார்ப்போம்.

கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரம் 1914இல் ஒரு சட்டம் போட்டது. வெள்ளையர் அதிகமுள்ள தெருவில் கறுப்பர் குடியேறக் கூடாது. கறுப்பர் அதிகமுள்ள தெருவில் வெள்ளையர் குடியேறக் கூடாது. பார்வைக்கு எவ்வளவு சமத்துவமான சட்டம்! 1917இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. என்ன காரணத்தால் என்பதுதான் விஷயம். ஒருவன் தன் சொத்தைத் தான் விரும்புகிறவருக்கு விற்கிற உரிமையில் நகராட்சி தலையிடக் கூடாது என்பதையே அந்தத் தீர்ப்பு முக்கியமாகப் பற்றிக்கொண்டது. கறுப்பரின் சமத்துவத்தைவிட வெள்ளைக்காரனின் சொத்துரிமை அங்கே அதிகம் வேலை செய்தது. சரி, சொத்துரிமைதான் சாமி என்றால் அந்தக் கர்ப்பகிரகத்துக்குள்ளேயே புகுந்துகொண்டால் போயிற்று. வீட்டுமனை விற்பவர்கள் அதைத்தான் செய்தார்கள். பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை: இந்த மனையை வெள்ளையரல்லாத எவருக்கும் விற்கவோ வாடகைக்கு விடவோ மாட்டேன்; என் வாரிசுகளும் மாட்டார்கள். இது இரண்டு தனிமனிதர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம், அரசாங்கத்துக்கு இதில் வேலையில்லை என்று 1926இல் உச்ச நீதிமன்றம் கைகழுவிக்கொண்டது.

இந்த நிபந்தனைகளில் பலவற்றில் ஒரு விதிவிலக்கு இருக்கும். வீட்டு வேலைக்காரர்களாகத் தங்கியிருப்பவர்களுக்கு இது பொருந்தாது! கறுப்புப் பெண் அதே கூரையின்கீழ் படுத்து உறங்கலாம், வெள்ளைக் குழந்தைக்குச் சோறு ஊட்டலாம். பக்கத்து வீட்டைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது. ஒதுக்கல் என்றால் தொலைவு என்று நாம் பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். இந்த ஒரு வரி அந்த நினைப்பைக் கலைத்துப்போடுகிறது. கறுப்பு உடலோடு நெருக்கம் பிரச்சினையே இல்லை. சமமாக நெருங்குவதுதான் பிரச்சினை. நம்மூர் வாசகருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

இப்போது பென்சில் குமாஸ்தாவிடம் வருகிறேன். 1929க்குப் பிந்தைய பொருளாதார வீழ்ச்சியில் லட்சக்கணக்கான வீடுகள் ஜப்திக்கு வந்தன. ரூஸ்வெல்ட் அரசாங்கம் 1933இல் வீட்டுக் கடன்காரர்களைக் காப்பாற்ற ஒரு நிறுவனத்தையும், 1934இல் கூட்டரசின் வீட்டுவசதி நிர்வாகத்தையும் உருவாக்கியது. முதல் நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டது. பச்சை என்றால் முதல்தரம், நீலம் பரவாயில்லை, மஞ்சள் சரிந்துகொண்டிருப்பது, சிவப்பு ஆபத்து. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படிவம் உண்டு. உள்ளூர் ரியல் எஸ்டேட்காரர்கள் சொல்வதைக் கேட்டு நிரப்பியது. கறுப்பர் உண்டா, எத்தனை சதவிகிதம் என்று அதில் ஒரு கட்டம். அதோடு 'ஊடுருவல்' என்று இன்னொரு கட்டம்! எல்லையில் ராணுவம் பயன்படுத்துகிற சொல், அமெரிக்கக் குடிமகன் ஒருவன் அடுத்த தெருவுக்கு வீடு மாறுவதற்குப் பயன்பட்டிருக்கிறது.

அந்த வண்ண வரைபடங்களைக் காட்டியே கடன் மறுக்கப்பட்டதா, எவ்வளவு தூரம் மறுக்கப்பட்டது என்பதில் ஆய்வாளர்களிடையே சச்சரவு உண்டு. அந்த நிறுவனம் கறுப்பர்களுக்கும் கடன் கொடுத்திருக்கிறது. உண்மையான கைவரிசை இரண்டாவது நிறுவனமான வீட்டுவசதி நிர்வாகத்துடையது. அது நேரடியாகக் கடன் கொடுக்காது. வங்கி கொடுக்கிற கடனுக்குக் காப்புறுதி கொடுக்கும். கடன்காரன் ஓடிப்போனால் அரசாங்கம் ஈடுகட்டும். அதற்கு முன்பெல்லாம் வீடு வாங்க விலையில் ஏறத்தாழப் பாதியைக் கையில் வைத்திருக்க வேண்டும், மிச்சத்தைச் சில வருடங்களில் அடைத்துவிட வேண்டும். இப்போது நூற்றுக்கு 80, பிறகு 90 வரை கடன். 20, 25 வருடத் தவணை. தொழிற்சாலைக்குப் போகிற வெள்ளைத் தொழிலாளி வாழ்க்கையில் முதன்முறையாக வீட்டுக்காரன் ஆனது இப்படித்தான். காப்புறுதி எந்த வீட்டுக்குக் கிடைக்கும் என்பதற்கு ஒரு கையேடு இருந்தது. ஒத்துப்போகாத இனத்தார் அருகருகே வாழ்கிற இடம் அபாயமானது. பத்திரத்தில் இன நிபந்தனை இருப்பது நல்லது என்பது 30களின் கையேடு சொன்ன யோசனை. தனிமனிதர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று எந்த நிபந்தனையை நீதிமன்றம் ஒதுக்கிவைத்ததோ அதையே அரசாங்கம் சிபாரிசு செய்தது. பத்திரம் என்றால் தமிழில் பாதுகாப்பு என்றும் பொருள். யாருக்குப் பத்திரம் என்பதைப் பத்திரமே சொல்லிவிட்டது.

அந்தக் கையேட்டின் பின்னால் ஓர் அறிவுத்துறை இருந்தது. ஹோமர் ஹோய்ட் என்பவர் சிகாகோவின் நூறாண்டு நிலமதிப்பை ஆராய்ந்து 1933இல் ஒரு நூல் வெளியிட்டார். நிலத்தின் விலைமேல் ஒவ்வோர் இனமும் உண்டாக்கும் விளைவை வைத்து அதில் பத்துப் படிகள் கொண்ட ஒரு வரிசை. ஆங்கிலேயர், ஜெர்மானியர், ஸ்காட், ஐரிஷ், ஸ்காண்டிநேவியர் முதல் படியில். வட இத்தாலியர் இரண்டாவது, தென் இத்தாலியர் எட்டாவது. ஒன்பதில் கறுப்பர், பத்தில் மெக்சிகர். சாதியைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் விளக்கியதைப் படித்தவர்களுக்கு இந்தப் பட்டியலைப் பார்த்ததும் என்ன தோன்றும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹோய்ட் அடுத்த வருடமே வீட்டுவசதி நிர்வாகத்தில் பொருளாதார நிபுணராகச் சேர்ந்தார். 'கறுப்பர் வந்தால் விலை விழும்' என்பது இப்படி விஞ்ஞானமாயிற்று. கறுப்பர் வந்த தெருவுக்கு வங்கிக் கடன் வராது. கடன் வராத வீட்டை வாங்க ஆள் இருக்காது. ஆள் இல்லையென்றால் விலை விழாமல் என்ன செய்யும்? சோதிடர் தானே பரிகாரத்தையும் தடுத்துவிட்டு, பார்த்தாயா என் வாக்கு பலித்துவிட்டது என்கிற மாதிரி. அறிவு அதிகாரமாக மாறுவது பற்றி நாம் ஃபூக்கோவை வைத்துப் பக்கம்பக்கமாக எழுதினோமே, அதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

டெட்ராய்ட் நகரத்தின் வட எல்லை 'எட்டு மைல் ரோடு'. அதற்குப் பக்கத்தில் 1920களிலிருந்தே கறுப்புக் குடும்பங்கள் மனை வாங்கிக் கைக்கு எட்டிய பொருளில் தாங்களே வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தன. 1941இல் அதையொட்டி வெள்ளையர்களுக்கென்று வீடுகள் கட்ட ஒரு மனைவணிகர் திட்டமிட்டார். கறுப்பர் குடியிருப்புக்கு இவ்வளவு அருகில் என்றால் காப்புறுதி தர முடியாது என்றது வீட்டுவசதி நிர்வாகம். அவர் இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் எழுப்பினார். அரை மைல் நீளம், ஆறடி உயரம், ஓரடி கனம். காப்புறுதி கிடைத்துவிட்டது. ஆறடிச் சுவர் யாரைத் தடுக்கும்? ஒரு சிறுவன் தாவிக் குதித்துவிடுவான். அது ஆளைத் தடுக்கக் கட்டிய சுவர் இல்லை. கடன் விண்ணப்பத்தோடு இணைத்த ஓர் ஆவணம் அது. காகிதத்துக்குப் பதில் கான்கிரீட்டில் எழுதியது, அவ்வளவுதான். இன்னும் நிற்கிறது. ஒரு பகுதியில் 2006இல் ஓவியங்கள் தீட்டியிருக்கிறார்கள். இப்போது சுவரின் இரண்டு பக்கமும் பெரும்பாலும் கறுப்பர்களே வாழ்கிறார்கள். வெள்ளையர்கள் எட்டு மைல் ரோட்டைத் தாண்டி வடக்கே போய்விட்டார்கள். சுவருக்கு வேலை முடிந்துவிட்டது, எல்லை இடம்பெயர்ந்துவிட்டது.

வங்கி கைவிட்ட கறுப்பர்கள் எப்படித்தான் வீடு வாங்கினார்கள்? சிகாகோவில் 50, 60களில் நடந்தது நம் கந்துவட்டிக் கதைகளை நினைவூட்டக்கூடியது. தரகன் முதலில் ஒரு வெள்ளைத் தெருவில் 'கறுப்பர்கள் வரப்போகிறார்கள்' என்று பீதி கிளப்புவான். பயந்தவனிடம் சல்லிசாக வீட்டை வாங்குவான். அதையே இரண்டு மடங்கு விலைக்கு ஒரு கறுப்புக் குடும்பத்துக்குத் தவணையில் விற்பான். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் அவன் பெயரில்தான் இருக்கும். இடையில் ஒரே ஒரு தவணை தவறினால் போதும், அதுவரை கட்டியதெல்லாம் போச்சு, குடும்பம் தெருவில், வீடு அடுத்த ஆளுக்கு. தவணை தவறக் கூடாதென்று கணவனும் மனைவியும் இரண்டு ஷிப்டு பார்த்தார்கள், அறைகளை வாடகைக்கு விட்டார்கள், பழுதுபார்ப்பதைத் தள்ளிப்போட்டார்கள். வீடு சீரழிந்தது. 'பாருங்கள், இவர்களுக்கு வீட்டை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை' என்று அக்கம்பக்கத்து வெள்ளையர் சொன்னார்கள். 1968இல் லாண்டேல் பகுதியில் இப்படி வாங்கியவர்கள் சங்கம் சேர்ந்து தவணை கட்ட மறுத்துப் போராடினார்கள். பலர் ஒப்பந்தங்களை மாற்றியெழுத வைத்தார்கள். நீதிமன்றத்தில் தோற்றார்கள்.

'இதெல்லாம் அடிப்படையில் வர்க்கப் பிரச்சினைதானே' என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். இல்லை என்பதற்கு லாண்டேலே சாட்சி. ஏழை என்பதால் மட்டும் அவர்களுக்கு இது நேரவில்லை. அதே சம்பளம் வாங்கிய வெள்ளைத் தொழிலாளி அரசாங்கக் காப்புறுதியோடு குறைந்த வட்டியில் புதுவீடு வாங்கினான். கறுப்புத் தொழிலாளி பழைய வீட்டுக்கு அதைவிட அதிகம் கொடுத்தான். வறுமைக்கு நிறம் பூசவில்லை. நிறத்தை வைத்து வறுமையைத் தயாரித்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கான 1944ஆம் வருடச் சட்டத்திலும் இதே கதை. மிசிசிப்பி மாநில நகரங்கள் சிலவற்றில் 1947இல் அச்சட்டத்தின்கீழ் உத்தரவாதம் பெற்ற கடன்கள் 3,229. அவற்றில் கறுப்பர்களுக்குப் போனவை 2.

செயின்ட் லூயிஸ் நகரில் ஷெல்லி என்கிற கறுப்புக் குடும்பம் 1945இல் வாங்கிய வீட்டின்மேல் 1911இல் எழுதப்பட்ட நிபந்தனை இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இத்தகைய நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்திக்கொடுக்க முடியாது என்று 1948இல் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் மூன்று பேர் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார்கள். காரணம் சொல்லவில்லை, அவர்கள் வீட்டுப் பத்திரத்திலேயே அந்த நிபந்தனை இருந்திருக்கும் என்பது ஊர்ப்பேச்சு. எழுதுவது குற்றம் என்று தீர்ப்பு சொல்லவில்லை, அமல்படுத்துவதைத்தான் தடுத்தது. அதற்கப்புறமும் 1950 வரை வீட்டுவசதி நிர்வாகம் நிபந்தனையுள்ள புது வீடுகளுக்குக் காப்புறுதி கொடுத்தது. நியூயார்க்கை அடுத்த லெவிட்டவுனில் ஆயிரக்கணக்கில், ஏறத்தாழ 8,000 டாலர் விலையில் ஒரே அச்சாக வார்த்த வீடுகள் அந்த வருடங்களில் வெள்ளையருக்கு மட்டும் விற்றுத் தீர்ந்தன. டெட்ராய்ட்டில் கறுப்பர்களின் கடைத்தெருவும் இசையரங்குகளும் இருந்த ஹேஸ்டிங்ஸ் வீதி, நெடுஞ்சாலைக்காக இடித்துத் தள்ளப்பட்டது. புறநகர்க்காரர்கள் காரில் சீக்கிரம் வேலைக்கு வந்துபோக வேண்டாமா?

அப்படியானால் வெறியே இல்லையா என்று கேட்டால், இருந்தது. 1966இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவில் வீட்டுவசதிப் பாகுபாட்டை எதிர்த்து ஊர்வலம் போனபோது மார்கெட் பூங்கா அருகே பறந்துவந்த கல் அவர் தலையைத் தாக்கியது. தெற்கில்கூட இப்படியொரு பகையை நான் பார்த்ததில்லை என்கிற பொருளில் அவர் பேசினார். கூடிநின்று கல்லெறிந்த கும்பல் அந்தச் சுற்றுவட்டாரத்து வெள்ளையர்கள். சாதாரண உழைப்பாளிக் குடும்பத்தார். ஆயுள் சேமிப்பு முழுவதும் ஒரு வீட்டில் முடங்கியிருக்கிற குடும்பங்கள். கறுப்பர் வந்தால் விலை விழும் என்று முப்பது வருடமாக அரசாங்கமும் வங்கியும் தரகனும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்தப் பாடம்தான் கல்லாகப் பறந்தது. வெறியிலிருந்து பத்திரம் பிறந்தது ஒரு கட்டத்தில் உண்மையாக இருக்கலாம். அதன்பிறகு பத்திரம்தான் வெறியைப் பெற்று வளர்த்தது.

1967 டெட்ராய்ட் எழுச்சியில் 43 பேர் செத்தார்கள். 1968 ஏப்ரல் 4இல் கிங் கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், அதுவரை இழுத்துக்கொண்டிருந்த வீட்டுவசதிச் சமத்துவச் சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் அது அன்றைய தேதியிலிருந்து வாசலைத் திறந்துவிட்டது. அதற்கு முந்திய 34 வருடக் கணக்கை அப்படியே விட்டுவிட்டது. 8,000 டாலருக்கு வாங்கிய லெவிட்டவுன் வீடு இன்று பல லட்சம் டாலர். அதை அடமானம் வைத்துப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள், செத்தபிறகு எழுதிவைத்தார்கள். 2022இல் அந்நாட்டு மத்திய வங்கி எடுத்த கணக்குப்படி, வெள்ளைக் குடும்பத்தின் நடுமட்டச் சொத்து 2,85,000 டாலர்; கறுப்புக் குடும்பத்துடையது 44,900. சம்பள வித்தியாசம் இந்த அளவுக்கு இல்லை. பேரன் தலைமுறையில் இதைத் தொடர்வதற்கு யாரும் யாரையும் வெறுக்கத் தேவையில்லை. வாரிசுரிமைச் சட்டம் போதும்.

பள்ளிக்கூடத்துக்கும் இதுதான் வாய்க்கால். அமெரிக்கப் பள்ளிகளுக்கான பணத்தில் பெரும்பங்கு அந்தந்த ஊரின் சொத்துவரியிலிருந்து வருகிறது. வீட்டு மதிப்பு கூடிய ஊரில் நல்ல பள்ளி; நல்ல பள்ளி உள்ள ஊரில் வீட்டு மதிப்பு கூடும். இதில் அரசியலமைப்புக்கு விரோதமாக ஒன்றுமில்லை என்று 1973இல் ஒரு டெக்சாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம் டெட்ராய்ட் வழக்கு. நகரத்துப் பள்ளிகளையும் 53 புறநகர்ப் பள்ளி மாவட்டங்களையும் சேர்த்துத்தான் கறுப்பு வெள்ளைக் குழந்தைகளை ஒன்றாகப் படிக்கவைக்க முடியும் என்று கீழ்நீதிமன்றம் கண்டிருந்தது. புறநகர்கள் தவறு செய்ததாக நிரூபிக்கப்படவில்லை, அவற்றை இதில் இழுக்கக் கூடாது என்று 5க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் தடுத்தது. 1954இல் பள்ளி ஒதுக்கலை உடைத்த வழக்கின் வக்கீலான தர்குட் மார்ஷல் இப்போது நீதிபதி; எதிர்த்த நால்வரில் ஒருவர். எட்டு மைல் ரோடு அன்றைக்குச் சட்டபூர்வமான சுவராயிற்று. 1950இல் 18 லட்சத்துக்கு மேலிருந்த டெட்ராய்ட்டின் ஜனத்தொகை 2020இல் ஆறரை லட்சத்துக்கும் கீழே.

அந்த ரோட்டுக்கு வடக்கே, ட்ராய் என்கிற புறநகரில் என் மாமா மகன் இருக்கிறான். கார் கம்பெனியில் என்ஜினீயர். வீடு வாங்கியபோது போனில் கேட்டேன், டெட்ராய்ட்டிலேயே மலிவாகக் கிடைக்குமாமே என்று. "எட்டு மைல் ரோட்டுக்குத் தெக்க நாம எதுக்கு மச்சான் போகணும்? ஸ்கூல் சரியில்ல, கார் இன்சூரன்ஸ் கூட, வித்தா விலையும் வராது" என்றான். கறுப்பர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மனதில்கூட நினைத்திருக்க மாட்டான், தங்கமான பையன். அவன் சொன்ன மூன்றும் உண்மை வேறு. ஹோய்ட்டின் பட்டியல் இன்று இப்படித்தான் பேசுகிறது: ஸ்கூல், இன்சூரன்ஸ், மறுவிற்பனை. அவன் அந்த நாட்டுக்குள் போக வழிசெய்த 1965ஆம் வருடக் குடியேற்றச் சட்டம் கறுப்பர்களின் உரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழலில்தான் நிறைவேறியது. அதற்கு முன்பு? இந்தியர்கள் வெள்ளையரல்லர் என்று 1923இல் பகத்சிங் திந்த் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. மேற்குக் கரையோரப் பத்திரங்கள் சிலவற்றில், வீடு விற்கக் கூடாதவர் வரிசையில் நீக்ரோ, மங்கோலியர் என்பவற்றோடு 'இந்து' என்றும் எழுதியிருக்கும். சாதி பார்த்து எழுதவில்லை, மொத்தமாக எல்லோரையும்தான்.

அந்த வரிகள் இன்னும் பத்திரங்களில் இருக்கின்றன. சட்டப்படி செல்லாது, ஆனாலும் இருக்கின்றன. வீடு வாங்குகிற கறுப்பர் கையெழுத்துப் போடும்போது, தான் அங்கே வாழக் கூடாது என்கிற வாசகத்தைப் படிக்க நேர்கிறது. கலிஃபோர்னியா 2021இல் இவற்றைத் தேடியெடுத்து அடித்துவிடப் பதிவு அலுவலகங்களுக்குச் சட்டம் போட்டது. அடிக்கத்தான் வேண்டுமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அடித்துவிட்டால் சாட்சியும் போய்விடும். மினியாபொலிசில், 2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்ட அதே நகரத்தில், 2016 முதல் ஒரு பல்கலைக்கழகக் குழு தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு பத்திரம் பத்திரமாகப் படித்து, எந்தெந்த மனையில் நிபந்தனை இருந்தது என்று வரைபடம் போட்டுவருகிறது. சிவப்புப் பென்சிலுக்கு எதிர்ப்பென்சில் என்று வைத்துக்கொள்ளலாம்.

சிகாகோவையொட்டிய எவன்ஸ்டன் நகரமன்றம் 2021இல் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 1919க்கும் 1969க்கும் இடையில் அவ்வூரில் வாழ்ந்து வீட்டுவசதிப் பாகுபாட்டுக்கு ஆளான கறுப்பர்களுக்கும் அவர்களுடைய நேர்வாரிசுகளுக்கும் வீட்டுச் செலவுக்காக 25,000 டாலர். பணம் முதலில் கஞ்சா விற்பனைமீதான வரியிலிருந்து. பட்ட நஷ்டத்தோடு ஒப்பிட்டால் சொற்பம்தான். ஆனால் இழப்பீட்டை மன்னிப்பாகக் கேட்காமல் வீட்டுக் கணக்காகவே கேட்டது என்பதால் இதை முக்கியமாக நினைக்கிறேன். 2024இல் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். நிறத்தைப் பார்த்துப் பணம் கொடுப்பது சட்டத்தின்முன் சமத்துவத்தை மீறுகிறது என்பது வாதம். ஆதாரமாகக் காட்டியது அரசியலமைப்பின் 14ஆவது திருத்தம். 1948இல் ஷெல்லி குடும்பம் தன் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ளக் காட்டியதும் அதே திருத்தம்தான்.